பூட்டில்லாத காவலர்கள்

மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை என்றிருந்த ஒரு காட்டில் தும்பை என்றொரு முயல் இருந்தது. அதற்கு எதைக் கண்டாலும் பயம். இலை விழுந்தால்கூடக் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டு விலங்குகளிடம் ஒரு கணினி இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள் குழந்தைகளே, கேட்டால் கதை நகராது. ஒவ்வொரு வளை வாசலிலும் ஒரு மணி. கணினிக்குள் ஒவ்வொரு மணிக்கும் ஒரு காவலன். அந்நியர் காலடி கேட்டால் அவன் மணியடிப்பான்.

இந்தக் காவலர்களை நிரல்மொழியில் எழுதியவர் முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி. கெட்டிக்காரர்தான், ஆனால் அலட்சியக்காரர். முதலில் ஒரு 'வகுப்பு' எழுதினார். வகுப்பு என்றால் களிமண் பொம்மை செய்கிற அச்சு மாதிரி. அச்சு ஒன்றுதான், பொம்மை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி எடுத்த ஒவ்வொன்றும் ஒரு 'பொருள்'. ஒவ்வொரு காவலனும் ஒரு பொருள். தான் விழித்திருக்கிறானா உறங்குகிறானா என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருப்பான்.

அந்த உள்விவரத்தை வெளியார் தொடாதபடி பூட்டவும் மொழியில் வழி உண்டு. முள்ளப்பன் பூட்டவில்லை. 'நமக்குள் யார் திருடன் இருக்கப்போகிறான்?' என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் நரி வந்து, தனக்கும் இந்த மொழியைக் கற்க ஆசை என்று வெகு பணிவாகச் சொன்னது. புகழ்ச்சியில் முள்ளப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. 'உறங்கு' என்ற ஆணையால் காவலர்கள் எல்லோரையும் ஒரே நொடியில் தூங்கவைக்கலாம் என்பதுவரை காட்டிக்கொடுத்தார்.

பார்த்துக்கொண்டிருந்த தும்பை முள்ளப்பனின் அருகே போனது.

"அண்ணா, நரிக்கு எதற்கு அந்த ஆணை?"

"உனக்கு உன் நிழலே பயம். போய்க் குட்டிகளைக் கவனி, போ."

தும்பை போகவில்லை. எல்லோரும் சென்றபின், நரிக்குக் காட்டியதையெல்லாம் கூடவே பார்த்துக் கற்றிருந்த அது கணினி முன் உட்கார்ந்தது. பழைய வகுப்பை அம்மாவாக வைத்து, ஒரு மகள் வகுப்பு எழுதியது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மகளுக்குத் தானாகவே வந்துவிடும், திரும்ப எழுத வேண்டியதில்லை. தும்பை இரண்டைத்தான் மாற்றியது. உள்விவரத்தைப் பூட்டியது. 'உறங்கு' என்று யார் சொன்னாலும், உறங்காமல் மணியடிக்கச் சொன்னது. அந்த அச்சில் தன் வளைக்கு ஒரு காவலனை எடுத்துக்கொண்டது. மற்ற விலங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

சில நாள் கழித்து, பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. எல்லோரும் வளைக்குள் முடங்கிக் கிடந்தார்கள். நரி கணினியிடம் போய் அந்த ஒற்றை ஆணையைக் கொடுத்தது. அத்தனை காவலர்களும் உறங்கிப்போனார்கள். மகள் வகுப்பில் பிறந்தவன் மட்டும் மணியடித்தான்.

தும்பை குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. வாசலுக்கு வெளியே சேற்றில் யாரோ மெல்ல நடக்கும் சத்தம். ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு ஒரு மணியும் அடிக்கவில்லை. அந்த அமைதிதான் அதை இன்னும் நடுங்கவைத்தது. காலடி தன் வளையைத் தாண்டி முள்ளப்பனின் வளைப் பக்கம் போவது கேட்டது. முள் இன்னும் இறுகாத அவர் பிள்ளை அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

"நரி! உங்கள் வாசலில் நரி!" என்று தும்பை அலறியது.

அலறலும் மணியுமாகச் சேர்ந்து முள்ளப்பனை எழுப்பின. அவர் பாய்ந்து வெளியே வந்தபோது நரியின் வாயில் பிள்ளையின் கால் இருந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக மோதினார். மூக்கெல்லாம் முள் தைக்க, நரி பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடிப்போனது.

முள்ளப்பன் பிள்ளையை நக்கிக்கொண்டே இருந்தார். தும்பையும் அங்கே ஓடி வந்தது. பிறகு, "என் மணி அடிக்கவே இல்லையே, தும்பை" என்றார்.

"எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா. அச்சிலேயே பூட்டுப் போடுங்கள். எல்லோருக்கும் புதுக் காவலன் எடுத்துவிடலாம்."

முள்ளப்பன் பிள்ளையைத் தும்பையின் மடியில் கிடத்திவிட்டு, கொட்டும் மழையிலேயே கணினியை நோக்கி நடந்தார்.

இதன் நீதி: உள்ளதை ஊருக்கெல்லாம் திறந்து வைத்தவனை எத்தனை காவலர்களாலும் காக்க முடியாது.