யாரும் படிக்காத எண்

“சாவி எங்கேம்மா? பெரிய தலைங்க எல்லாம் உன்னை அனுப்பிட்டு ஒளிஞ்சுக்கிட்டாங்களா?” என்று கையை நீட்டினார் சட்டமன்றக் குழுத் தலைவர் வேதநாயகம்.

மக்கள் போனில் அனுப்பும் செய்திகளை அரசு மட்டும் படிக்க ஒரு ரகசிய வழி வேண்டும் என்பது அவர் கட்டளை. இல்லையென்றால் அந்தச் செய்தி ஆப்பை நடத்தும் கம்பெனியை இன்றே மூடிவிடுவார்.

கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சுடரொளி சொன்னாள்: “வழி திறந்தாச்சு ஐயா, சோதனைக்கு உங்க போன்ல மட்டும். யாருமே படிக்க முடியாத நம்பருக்கு ஏதாவது அனுப்பிப் பாருங்க.”

அவர் சற்று யோசித்து, இறந்துபோன மனைவியின் எண்ணுக்கு “சாப்பிட்டியா” என்று அனுப்பினார். அந்த போன் அவர் வீட்டு பீரோவில் அணைந்து கிடந்தது.

‘படிக்கப்பட்டது’ என்று வந்தது.

“நீதானே படிச்சே?”

“என் கம்ப்யூட்டரை வாசல்லயே உங்க போலீஸ் வாங்கி வச்சுட்டாங்களே ஐயா.”

“அப்ப யாரு?”

“தெரியலைங்க. வழி வைக்கத்தான் எங்களால முடியும். அதுல யார் வர்றாங்கன்னு சொல்ல முடியாது. நாளைக்கு எல்லார் போன்லயும் வச்சிடலாமா?”

திரையில் மனைவியின் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று தோன்றியது.

“வேண்டாம்” என்றார் வேதநாயகம். போனைக் கவிழ்த்து, அதன்மேல் தன் துண்டை மடித்து வைத்தார்.