பிடிக்க வராத கருவாலன்

கூரன் என்ற கிழட்டு முள்ளம்பன்றிக்கு முதலில் அநியாயம் செய்தவன் கருவாலன். சிறுத்தை இல்லை, நரி இல்லை. காட்டுப்பூனை கருவாலன்தான். அந்தப் பெயரை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவன் கண்ணீரும் கம்பலையுமாக வருவான். அப்போது யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

ஊற்றுப்பாறைக் காட்டில் ஒரு குட்டை. குட்டைக் கரையில் கூரனின் வளை. வளைக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் கூரன் இருந்தான். இன்னொன்றில் கருவாலனின் தங்கை செவலை இருந்தாள். அவள் குடிவந்த பிறகு கூரனின் கிழங்குகளை எலி தொடவில்லை. பாம்பு எட்டிப் பார்க்கவில்லை. இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான். கூரனுக்கு அதுவே பெரிய துணையாக இருந்தது.

ஒரு கோடையில் செவலைக்குத் தாகம் பிடித்தது. குட்டையில் வாய் வைத்தால் தலையைத் தூக்கமாட்டாள். குடித்ததெல்லாம் உடனே சிறுநீராகப் போய்விடும். மறுபடி குடிப்பாள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வாயில் ஒரு கெட்ட வாடை. பிடித்த எலியை மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கூரன் நாரை வைத்தியரை அழைத்துவந்தான். கருவாலனுக்கும் சொல்லி அனுப்பினான்.

வைத்தியர் செவலையின் கழுத்துத் தோலை அலகால் தூக்கி விட்டார். தோல் கீழே இறங்கவில்லை. மடித்த இலை மாதிரி அப்படியே நின்றது.

"சிறுநீரகம் ரெண்டும் சுருங்கிப்போச்சு" என்றார் வைத்தியர்.

"அப்படின்னா?" என்று கேட்டான் கருவாலன்.

"முயலை அடிச்சா முதுகுப் பக்கம் அவரைக்கொட்டை மாதிரி ரெண்டு இருக்குமே! நீ முதல்ல தேடித் திங்கிறது! அதுதான்."

"ஐயோ, குண்டிக்காயா! அது போனா ஆளே போச்சே!"

"மெதுவா பேசு! அவளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றான் கூரன்.

வைத்தியர் ஒற்றைக் காலை மாற்றி வைத்துக்கொண்டார். "இது குணமாகிற சீக்கு இல்லை. குடிக்கிற தண்ணி இவ உடம்புல தங்காது. அதனால தோலுக்கு அடியில தண்ணி ஏத்தணும். தினமும் ஏத்தணும். மீன் கூடாது. ஈரல் கூடாது. எலும்பு கூடாது. காடை முட்டையோட வெள்ளைக்கரு கொடுக்கலாம். பத்தியமா இருந்தா மழை வரைக்கும் ஓட்டிடலாம்."

படுத்திருந்த செவலை தலையைத் தூக்கினாள். "மழை வந்தா ஈசல் பறக்குமே! ஒரே ஒரு தடவை ஈசல் பிடிச்சுட்டுப் போயிடறேன், வைத்தியரே. அது போதும்."

கூரன் அதை மனதில் வாங்கிக்கொண்டான். மழை வரைக்கும் இவளை வைத்திருக்க வேண்டும்.

"தோலுக்கு அடியில எப்படித் தண்ணி ஏத்தறது?" என்று கேட்டான்.

வைத்தியர் அவன் வாலைப் பார்த்தார். முள்ளம்பன்றியின் வாலில் இருக்கும் முட்கள் மற்ற முட்களைப் போல இல்லை. உள்ளே கூடாக இருக்கும். நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் சிறுத்தைகூட ஒதுங்கிப் போகும்.

"உன் வால்முள்ளைப் பிடுங்கு. நுனியைப் பாறையில தீட்டு. தண்ணியை ரொப்பி, கழுத்துத் தோலைத் தூக்கிக் குத்தி, முள்ளோட அடுத்த முனையில வாய் வெச்சு ஊது. ஒரு முள்ளு ரெண்டு மூணு தடவைக்குத்தான் வரும். அப்புறம் வெடிச்சிடும். வேற பிடுங்கணும்."

கூரன் தன் வாலைத் திரும்பிப் பார்த்தான்.

"முள்ளுதானே அண்ணே! திரும்ப முளைச்சிடும்!" என்றான் கருவாலன்.

"உன் மீசைகூடத்தான் முளைக்கும். பிடுங்கட்டுமா?"

கருவாலன் மீசையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"இன்னொண்ணு. இது ஒரு ஆளால ஆகிற வேலை இல்லை. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் குத்தணும்" என்றார் வைத்தியர்.

கருவாலன் நெஞ்சை நிமிர்த்தினான். "என் தங்கச்சியை நான் பிடிக்காம வேற யார் பிடிப்பா! கூரண்ணே, பொழுது சாயும்போது தினமும் வந்துடறேன். இந்தக் குட்டைத் தண்ணி சாட்சி! குத்தறதை மட்டும் நீங்க பார்த்துக்குங்க."

அன்று வந்தான். மறுநாளும் வந்தான். அண்ணன் முன்னங்காலால் அணைத்துக்கொண்டதும் செவலை கண்ணை மூடிக்கொண்டாள். கூரன் குத்தினான். ஊதினான். கழுத்தில் ஒரு பொட்டலம் மாதிரி தண்ணீர் தொங்கியது. காலையில் அது வடிந்து, அவள் எழுந்து உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கருவாலன் வரவில்லை.

கூரன் அவனைத் தேடிப் போனான். "கால் சுளுக்கிக்கிச்சு அண்ணே!" என்றான் கருவாலன். அடுத்த முறை, "சின்னக் குட்டிக்குப் பல்லு முளைக்குது, வீட்டுக்காரி விடமாட்டேங்கிறா!" என்றான். அதற்கடுத்த முறை, "நேத்து வந்தேனே, நீங்க தூங்கிட்டிருந்தீங்க!" என்றான்.

"வந்து நின்னு என்னை எழுப்ப முடியலையா?"

"உங்களை எங்க தொட்டு எழுப்பறது அண்ணே? உடம்பெல்லாம் முள்ளு!"

பக்கத்தில் இருந்த மந்தி சிரித்தது. கூரன் திரும்பி நடந்தான்.

அதன் பிறகு பிடிப்பதும் அவன்தான், குத்துவதும் அவன்தான். முதுகு முட்களைப் படிய வைத்துக்கொண்டு, நெஞ்சால் அவளை அழுத்திப் பிடித்து, வாயால் முள்ளைக் கவ்விக் குத்துவான். அவள் அவன் மூக்கைப் பிறாண்டினாள். காதைக் கடித்தாள்.

"கொலைகாரா! அண்ணன் பிடிச்சா வலிக்கவே இல்லை! உன் கை என்ன கல்லா?"

"உங்க அண்ணன் பிடிக்கட்டும். கூப்பிடு" என்பான் கூரன்.

அவள் வளை வாசலைப் பார்ப்பாள். ஆனால் கோபம் மட்டும் கூரன் மேல்தான்.

வெள்ளைக்கருவுக்கு அவன் காடைகளின் கூடுகளைத் தேடிப் போனான். வாழ்நாளெல்லாம் கிழங்கு தின்றவன்! காடைகள் கூட்டமாக எழுந்து கத்தின. "வயசான காலத்துல முட்டைத் திருடன் ஆயிட்டான்!" யாரிடம் போய் விளக்கம் சொல்வது? மஞ்சள் கருவைக் கீழே ஊற்றிவிட்டு, வெள்ளையை மட்டும் இலையில் ஏந்தி வந்தான். செவலை முகத்தைத் திருப்பினாள். "இது என்ன, எச்சில் மாதிரி!"

வாலில் முட்கள் குறைந்துகொண்டே வந்தன. கிலுகிலுச் சத்தம் அடங்கியது. முள்ளில் ரொப்பத் தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் பாறை ஊற்றுக்குத்தான் போக வேண்டும்; இனி மாலையில் அங்கே போனால் சிறுத்தைக்குத்தான் தீனி. அதனால் கொதிக்கிற வெயிலில், சிறுத்தை உறங்கும் நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போனான். வெயில் ஆகாத கண்கள். தடுமாறித் தடுமாறி நடந்தான். ஆனாலும் மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. செவலையின் உடம்பில் மயிர் மினுங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவள் வளை வாசல் வரை நடந்து வந்து, வானத்தைப் பார்த்தாள்.

"மேகம் வருதா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றான் கூரன்.

அன்றைக்குத்தான் கருவாலன் வந்தான். வாயில் ஒரு பெரிய விரால் மீன்! வழியெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மந்தியும் வந்தது.

"தங்கச்சி! யார் வந்திருக்கான்னு பாரு!"

"அண்ணா!" செவலையின் குரலில் அப்படி ஒரு குதூகலத்தைக் கூரன் பல நாளாகக் கேட்கவில்லை.

கூரன் குறுக்கே நின்றான். "மீன் கூடாதுன்னு வைத்தியர் சொன்னப்போ நீயும்தானே இருந்தே?"

"ஒரு நாள்தானே அண்ணே! ஒரு வாய்தானே! சீக்குக்காரி ஆசைப்பட்டதைக்கூடக் கொடுக்கக் கூடாதா? எலும்பும் தோலுமா வெச்சிருக்கீங்க!"

"நீ வந்து பிடிச்சிருந்தா அவ இன்னும் நல்லா இருந்திருப்பா."

"வந்த இடத்துல சண்டை பிடிக்காதீங்க! நான் பார்க்க வந்தேன்!"

மந்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. "பத்தியம் பத்தியம்னு பட்டினி போடறாராம். வேளைக்கு ஒரு குத்தாம். கூடப் பிறந்தவனுக்குத்தானே வயிறு எரியும்!"

செவலை மெல்ல நகர்ந்து மீனருகே வந்தாள். கூரன் அவளைப் பார்த்தான். "வேணாம் செவலை. மழை வரைக்கும்னு சொன்னியே."

"தள்ளிக்கோ! என் மனசு தெரிஞ்சது அண்ணனுக்குத்தான்!"

முள்ளை விரித்து வழி மறித்திருக்கலாம். அவள் மேல் முள் விரிக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒதுங்கிக்கொண்டான். அவள் தலையும் தின்றாள், ஈரலும் தின்றாள், எலும்பைக்கூட விடவில்லை. கருவாலன் அவள் நெற்றியை நக்கிவிட்டு, "பார்த்தீங்களா, எப்படிச் சாப்பிடறா!" என்று சொல்லிவிட்டுப் போனான். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவன் அதுவரை இருக்கவில்லை.

அன்றிரவே வாந்தி தொடங்கியது. மறுநாள் அவளால் எழ முடியவில்லை. கண் பார்வை மங்கியது. வைத்தியர் வந்து வாயை மோந்து பார்த்தார். கூரனைத் தனியே அழைத்தார்.

"என்ன கொடுத்தே?"

"நான் கொடுக்கலை."

"யார் கொடுத்தா என்ன, உள்ளே போயிடுச்சு. இனி குத்தியும் பிரயோசனம் இல்லை."

கூரன் வாலில் மிச்சமிருந்த முட்களையெல்லாம் பிடுங்கி ஒரே நாளில் ஊதிப் பார்த்தான். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அப்படியே நின்றது. அவள் பிறாண்டவும் இல்லை, கடிக்கவும் இல்லை. யாரும் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. கூரனுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் அவன் முள் இல்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னைக்குக் குத்தலையா?" என்று கேட்டாள் செவலை.

"இல்லை. இனி வேணாம்."

"அப்பாடா!" என்றாள் அவள். அத்தனை நாளில் அவள் கூரனிடம் சந்தோஷமாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாயைத் திறந்தாள். கூரன் காதைக் கொண்டுபோனான். இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தான். வேறொன்றும் வேண்டாம், உன்னால்தான் இத்தனை நாள் இருந்தேன் என்று ஒரு வார்த்தை போதும்.

"அண்ணன் வந்தா சொல்லு. அந்த மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு. என்னைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டது அவர்தான்னு சொன்னேன்னு சொல்லு."

அதற்குமேல் அவள் பேசவில்லை. வெயில் ஏறுவதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. மழை இன்னும் வந்திருக்கவில்லை.

செய்தி கேட்டுக் காடே திரண்டது. கருவாலன் மண்ணில் புரண்டு அழுதான். "என் கையால கடைசியா ஒரு மீன் சாப்பிட்டாளே! அந்தப் புண்ணியமாவது எனக்குக் கிடைச்சுதே!" எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அண்ணன்னா இப்படி இருக்கணும்!" என்றது மந்தி. காடைகள்கூடத் தலையாட்டின. செவலையின் கழுத்தில் இருந்த குத்துக் காயங்களைப் பார்த்துவிட்டு, எல்லோரும் கூரனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கருவாலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரனிடம் வந்தான். "அண்ணே, போறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா? சொல்லுங்க அண்ணே!"

"பொழுது சாயும்போது வந்து பிடிக்கறேன்னு சொன்னியே. வராத நாளெல்லாம் பாக்கி இருக்கு. அதை அடைச்சிட்டு வா, சொல்றேன்."

கூட்டம் முணுமுணுத்தது. "செத்த வீட்டுல பேசற பேச்சா இது!"

"அவதான் போயிட்டாளே! இனி யாரைப் பிடிக்கறது?" என்று கத்தினான் கருவாலன்.

"அது உன் பாடு."

"கல் நெஞ்சுக்காரா! அது அவ எனக்குச் சொன்ன வார்த்தை! கொடுத்துடு!"

"அது எனக்குத் தெரியும். உனக்குச் சொன்னதுதான். என்கிட்டதான் இருக்கு."

கூரன் வளைக்குள் போய்விட்டான். அதன் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. அவன் வாலில் முட்கள் திரும்ப முளைக்கவில்லை. கருவாலன் அவ்வப்போது வளை வாசலில் வந்து நின்று கேட்கிறான். சில நாள் கெஞ்சுகிறான், சில நாள் திட்டுகிறான். கூரன் உள்ளே இருந்தபடி ஒரே பதிலைத்தான் சொல்கிறான். "முதல்ல பாக்கியை அடை!"

நோயாளியை உடனிருந்து தாங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வராதவன், பிறகு எத்தனை மீன் கொண்டுவந்தாலும், எத்தனை அழுது புரண்டாலும், அவன் பட்ட கடன் அடைவதில்லை.