அலைக்கு முன்னே சொல்லும் பெயர்கள்

“கடல் தெய்வத்தோட கோபத்தைப் பாடக் கத்துக்கொடுங்க அம்மா,” என்றார் ஹெர்மோன்.

அறுபது வயது மீனவர். பாடகி மெலித்தா அவரைவிட இருபது வயது இளையவள். ஆனால் அந்தக் கிரேக்கத் தீவில் தெய்வங்களின் சினத்தைக் காவியமாகப் பாட அவளை விட்டால் ஆளில்லை.

“யாரை அழிக்கணும்?”

“கப்பல் தலைவன் கிளியாந்தரை. தெய்வத்தோட தோப்புல மரம் வெட்டிப் பாய்மரம் வெச்சான். தெய்வம் கப்பலைக் கவுத்துச்சு. துடுப்புப் போட்ட இருபது பேரும் செத்தாங்க. என் பையனும் அதுல ஒருத்தன். தப்புப் பண்ணவன் மட்டும் நீந்திக் கரையேறிட்டான். இப்போ புதுக் கப்பல் கட்டியிருக்கான். திருவிழாவுல நான் பாடணும். தெய்வம் அதைக் கேட்டு இந்தக் கப்பலையும் மூழ்கடிக்கணும்.”

மெலித்தா வாதாடவில்லை. ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தாள். கிளியாந்தர் பெயர் வரும்போதெல்லாம் மனிதர் யாழின் நரம்பை அறுக்காத குறைதான்.

“ஒரு முறை இருக்கு,” என்றாள் ஒருநாள். “அலை எழும்புறதுக்கு முன்னாடி, அந்தப் புதுக் கப்பல்ல துடுப்புப் போடுறவங்க பேரை, அவங்க உக்கார்ற பலகை வரிசையில சொல்லணும். ஒண்ணு விட்டாலும் தெய்வம் காது கொடுக்காது. துறைமுகத்துல கேட்டுட்டு வாங்க.”

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“எல்லாப் பேரும் கிடைச்சுதா?”

“கிடைச்சுது. பயண வாழ்த்துப் பாட்டுக்குக் கேக்கிறேன்னு நினைச்சுட்டாங்க. ஒரு அம்மா அத்திப்பழம் குடுத்தா. பையனுக்குக் குளிர் ஒத்துக்காது, அதையும் சேர்த்துப் பாடுங்கன்னா.”

“பாடுங்க.”

பாடினார். முதல் பலகை, இரண்டாம் பலகை என்று வரிசையாக வந்தார். கடைசியான பத்தாவது பலகையில் அத்திப்பழம் கொடுத்த அம்மாவின் மகன். அவன் பெயரையும் சொன்னார்.

“அடுத்தது அலை,” என்றாள் மெலித்தா.

யாழில் ஹெர்மோனின் விரல் நின்றுவிட்டது.

“வரல அம்மா.”

“கோபம் போயிடுச்சா?”

“எங்க போகும்? அப்படியே இருக்கு. அலையத்தான் தூக்க முடியல.”

யாழின் நரம்பைத் தடவியபடி கேட்டார்.

“தெய்வத்துக்கு மட்டும் எப்படிம்மா மனசு வந்தது?”

“தெரியல,” என்றாள் மெலித்தா. யாழைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

“மூழ்கின கப்பலுக்கு இன்னும் யாரும் பாட்டுக் கட்டல. முதல் பலகையில யாரு?”

இந்த ஆறு மாதத்தில் ஹெர்மோன் ஒருமுறைகூடச் சொல்லாத பெயர் அது.

“லியோன்,” என்றார். “என் பையன்.”