வயருக்கு வெளிச்சம்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ரத்னசபாபதிக்கு ஒரே வியாதி, சகலை செங்கோடன். ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சலே வராதாம் என்று செங்கோடன் தன் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு கட்டைவிரல் தடிமனில் கரண்ட் வயர் வாங்கினார். மறுநாளே இவர் சாரைப்பாம்பு தடிமனில் ஒன்று வாங்கிவிட்டார். தன் ஆம்ப்ளிஃபயர் இருந்த இருட்டு அலமாரிக்குள் அது பளபளக்கட்டும் என்று சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு வேறு ஒட்டினார். ஹெட்போனை மாட்டினால் காதுக்குள் வண்டு குடைந்தது.

எலக்ட்ரீஷியன் தங்கமாரியைக் கூப்பிட்டார்.

"நாலு மணிக்கு சகலை வர்றான் அம்மணி. சத்தம் கேட்டுச்சுன்னா, இனி என் கம்பெனி வேலை ஒண்ணுகூட உனக்குக் கெடையாது!"

தங்கமாரி வயரைத் தொடவே இல்லை. எல்.இ.டி. விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது.

"விளக்கோட அடாப்டர்தானுங்க இரையுது. எந்த வயர் போட்டாலும் ஒண்ணுதானுங்க."

முதலாளி கத்தினார். "விளக்கு இல்லாட்டி வயரை அவன் எப்படிப் பார்ப்பான்? அவன் வயிறு எரிய வேண்டாமா? சத்தமும் வரக்கூடாது, வயரும் தெரியணும்!"

தங்கமாரி பையிலிருந்து பேட்டரி டார்ச்சை எடுத்து நீட்டினாள். "இது இரையாதுங்க. ஆனா நான் பிடிச்சா, வயர் எலக்ட்ரீஷியனோடதுன்னு நெனச்சுக்குவாருங்க."

நாலு மணிக்கு செங்கோடன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி தரையில் மண்டி போட்டு, வேர்க்க விறுவிறுக்க, ஒரு பாட்டு முழுக்க வயருக்கு டார்ச் அடித்தார்.

செங்கோடன் ஹெட்போனைக் கழற்றினார். முகம் கறுத்துவிட்டது. வயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங் சகலை, அந்த டார்ச் எங்க வாங்குனீங்க?"