படியில் நிற்கும் பூனை

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசின. பொறுமையாகக் கேட்டவர்கள்தாம் அப்போதும் குறைவு. பூனைகள் வீடுகளுக்குள் நுழைந்ததில்லை. கடற்கரைத் தாழம்புதர்களில் குடும்பம் நடத்தின.

சீனியம்மா கரையில் நெத்திலி காயப்போட்டுப் பிழைத்தவள். பிள்ளை இல்லாதவள். ஒருநாள் உச்சிவெயிலில், கவிழ்த்துப் போட்ட தோணிக்கு அடியில் ஒரு பூனைக்குட்டியைக் கண்டாள்.

“யாரு பெத்த பிள்ளை நீ? இப்படித் தனியா கிடக்கியே?”

“எங்கம்மா இங்கயே இருக்கச் சொன்னா. வந்துருவா.”

“எப்ப வருவா?”

“வரும்போது.”

“வாய் மட்டும் வக்கணையா இருக்கு” என்றாள் சீனியம்மா. அதற்குள் மடியை விரித்துவிட்டாள்.

தோணிமேல் இருந்த காகம், “கொஞ்சம் பொறு அக்கா. நேத்தும் இப்படித்தான் போனா, பொழுது சாய வந்துட்டா” என்றது.

“நான் இங்க பொறுத்திருப்பேன், நீ அங்க என் நெத்திலியைக் கொத்திட்டுப் போவே. போடா திருட்டுப் பயலே!”

காகம் சொன்னது பொய்யில்லை. நெத்திலி விஷயத்தில் அவள் சொன்னதும் பொய்யில்லை.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுப்பால் புகட்டினாள். வயிறு நிறைந்து அது தூங்கிப்போனது. கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். தன் வீட்டுக்குள் இன்னொரு மூச்சு கேட்பது அவளுக்குப் புதிது. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய, ஒரு பூனை வாயில் மீனோடு வந்து எதிரே நின்றது. கருவாட்டுக்காரி கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்?

“என் நெத்திலியா கேக்குது உனக்கு!” என்று துடைப்பத்தை வீசினாள். மீனைப் போட்டுவிட்டுப் பூனை புதருக்குள் ஓடி மறைந்தது.

மீனைக் கையில் எடுத்தாள். நெத்திலி இல்லை, உப்பே படாத பச்சைச் சாளை. ஒரு பல்கூடப் பதியாமல் கவ்விக் கொண்டுவந்தது. அந்தப் பூனை ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பேசியிருந்தால் பிள்ளையின் சாப்பாடு மண்ணில் விழுந்திருக்கும்.

“வந்துரு தாயி! உன் பிள்ளை இங்கதான் இருக்கு!” என்று கரை நெடுகக் கத்திப் பார்த்தாள். ஒரு புதரும் அசையவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தாள். குட்டி படியில் வந்து நின்றது.

“எங்கம்மா வந்தாளா?”

“வருவா” என்றாள் சீனியம்மா, சாளையை முந்தானையில் மறைத்தபடி. “உள்ள வா கண்ணு.”

“உள்ள வந்தா அவ கண்ணுல படமாட்டேன்.”

“அப்ப வெளிய போய் நில்லு.”

“போனா நீ என்னைத் தேடுவியே.”

அன்று முதல்தான், கதவைத் திறந்துவிட்டால் பூனை உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல், பாதி உடம்பை உள்ளே விட்டுப் படியில் நின்று தெருவையே பார்க்கிறது. நாமும் அதை வைதுகொண்டே, கதவைச் சாத்த மனம் வராமல் பிடித்தபடி நிற்கிறோம்.