அரசர் பாட்டும் மோர்க்காரி கொட்டாவியும்

வெகு காலத்துக்கு முன்னே, மழைக்கும் மன்னருக்கும் ஒரே குணம் இருந்த நெடுவயல் நாட்டைத் திருமேழிராயர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நினைத்தால் கொட்டுவார், நினைத்தால் இடிப்பார். நல்லவர்தான். ஆனால் அடுத்த நாழிகை என்ன நினைப்பார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் சேர்த்துத்தான்.

அது சித்திரை மாதம். காக்கைகூடப் பறக்கச் சலித்துக்கொண்டு நிழல் பார்த்து நடந்து போகுமாம், அப்படி வெயில். பாட்டுப் பாடி மழையை வரவழைக்கலாம் என்று அரசருக்குத் தோன்றிவிட்டது. உட்கார்ந்து எழுதினார். ஒன்றில்லை, இரண்டில்லை, நூறு பாட்டு. மதிய விருந்து முடிந்த கையோடு சபையைக் கூட்டி, ஓலையை விரித்து, தானே ராகம் போட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கோடையில் சபையோருக்கு மோர் ஊற்ற, எருமை வளர்க்கும் பூவாயி என்கிற பெண்ணை வைத்திருந்தார் அமைச்சர் ஏகாம்பரம். நாற்பத்தோராவது பாட்டில் பூவாயிக்கு ஒரு கொட்டாவி வந்தது. கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே சொடக்குப் போட வேண்டும், போடாவிட்டால் ஆயுசு குறையும் என்பது அந்த நாட்டுப் பேச்சு. பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தாய் போட்டுவிடுவாள். பூவாயியும் தன்னை அறியாமல் போட்டாள். டிக்!

சபை ஒழுங்கு பார்க்கும் அதிகாரி வச்சிரபாகு துள்ளி எழுந்தார். அமைச்சர் எதைச் செய்தாலும் அவருக்குச் செரிக்காது.

“மன்னா! தங்கள் பாட்டுக்குக் கொட்டாவி! அதுவும் தாளம் போட்டுக் கொட்டாவி! அமைச்சர் பொறுக்கியெடுத்த ஆளின் லட்சணத்தைப் பாருங்கள்!”

அரசரின் முகம் சிவந்தது. “பொழுது சாய்வதற்குள் இவள் தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போகட்டும்!”

பூவாயி மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். “மகாராசா, வேணும்னு விடலீங்க, அதுவா வந்துச்சு. நிறைமாசச் சினை எருமை ஒண்ணு நிக்குதுங்க. இந்த வெயில்ல ஓட்டினா வழியிலயே விழுந்துரும்.”

அமைச்சர் மெல்ல எழுந்தார். “மன்னா, ஒரு சின்னச் சந்தேகம். கொட்டாவி என்பது மனத்திலிருந்து வருகிற அவமரியாதையா, தும்மலைப் போலத் தானாக வருவதா?”

வச்சிரபாகு முந்திக்கொண்டார். “அடக்கம் இல்லாதவர்களுக்குத்தான் அது வரும். இந்தச் சபையில் நான் ஒருநாளும் வாய் பிளந்ததில்லை!”

“அப்படியானால் சோதித்துவிடலாம். மன்னர் முதல் பாட்டிலிருந்து மறுபடி பாடட்டும். கொட்டாவி யாருக்கும் வரவில்லை என்றால் பூவாயி போகட்டும்.”

அரசருக்கு வாயெல்லாம் பல். சபைக்கோ முகம் தொங்கிவிட்டது. பக்கத்திலிருந்த கிழச் சேனாபதி அமைச்சரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். “ஐயா, நாங்கள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தோம்?”

“பொறுங்கள்,” என்ற அமைச்சர் அரசரிடம் திரும்பினார். “எங்கள் முகங்களைப் பார்த்தால் மன்னருக்குக் கவனம் சிதறும். எல்லோரும் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறோம்.”

இதைக் கேட்டு எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் வச்சிரபாகு. துண்டுக்குள் நடப்பதை யார் கண்டார்கள்!

அரசர் ஓலையில் கண்ணைப் பதித்துப் பாடினார். பத்து போயிற்று, இருபது போயிற்று. முப்பதாவது பாட்டில் ஒரு மூலையில், டிக். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பக்கத்துக்காரருக்கும் வாய் பிளந்தது, டிக். அவரைக் கேட்டு அடுத்தவர், அவரைக் கேட்டு இன்னும் நாலு பேர். டிக், டிக், டிக்டிக்!

அரசர் ஓலையைப் போட்டுவிட்டுக் குதித்தார். “தூறல்! கூரையில் தூறல் விழுகிறது! என் பாட்டுக்கு மழை இறங்கிவிட்டது!”

சன்னலுக்கு ஓடிப் பார்த்தார். வெளியே ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. சபைக்குள்தான் தூறிக்கொண்டிருந்தது. திரும்பினார். துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம்தான் எல்லாவற்றிலும் பலம். அரசர் போய் அதைத் தூக்கினார்.

உள்ளே வச்சிரபாகு. வாய் குகை மாதிரி திறந்திருந்தது. மூடவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை.

“என்ன இது?”

“காற்று... காற்று வாங்கினேன் மன்னா.”

“தாளம் போட்டா?”

அதட்டுவதற்காக வாயைத் திறந்த அரசருக்கு அதட்டல் வரவில்லை. அகலமான ஒரு கொட்டாவிதான் வந்தது. விரல்கள் தாமாக எழும்பி, டிக்!

அமைச்சர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “மன்னா, வயிறு நிறைய விருந்து, வெளியே சித்திரை வெயில், காதில் பக்கத்து ஆளின் கொட்டாவி. இந்த மூன்றும் சேர்ந்தால் யார் வாயும் யார் பேச்சையும் கேட்காது. இப்போது பொழுது சாய்வதற்குள் யார் யார் கிளம்புவது? தங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள், வண்டி கட்டச் சொல்கிறேன்.”

அரசர் ஒரு கணம் முறைத்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏம்மா பூவாயி, நீ சொல். பாட்டு எப்படி?”

“நல்லாத்தாங்க இருக்கு. நான் நாப்பது வரைக்கும் தாக்குப் பிடிச்சேன். இவங்க முப்பதுலயே சாஞ்சுட்டாங்க.”

“என் பாட்டை அதிகம் கேட்டவள் இவள்தான்! இவளையா அனுப்பப் பார்த்தேன்? இனி இவள் எருமைகள் அரண்மனைக் குளத்திலேயே கிடந்து குளிக்கட்டும்.” முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். “பாட்டு இனி சாப்பாட்டுக்கு முன்னால்தான். அதுவும் பத்தே பத்து.”

பிறகு முன்வரிசையைப் பார்த்தார். “வச்சிரபாகு, சபையில் கொட்டாவி விடுகிறவர்களின் ஆயுசு குறையக் கூடாது. இந்தக் கோடை முழுக்க யார் வாய் திறந்தாலும் ஓடிப்போய் நீ சொடக்குப் போடு.”

ஆனி பிறப்பதற்குள் வச்சிரபாகுவின் விரல்கள் இரண்டும் வெண்டைக்காய் மாதிரி வீங்கிவிட்டனவாம். சினை எருமை கன்று போட்டு, அந்தப் பாலில் எடுத்த முதல் வெண்ணெயில் ஓர் உருண்டையை இலையில் வைத்துப் பூவாயிதான் நீட்டினாளாம்: “தடவிக்கங்க சாமி. அங்க பாருங்க, சேனாபதி வாயத் திறக்கிறாரு!”