தீராத களஞ்சியம்

முன்னொரு காலத்தில், ஆற்றின் இரு கரையிலும் வயல் விரிந்து கிடந்த செழுநாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டான். சிம்மாசனத்தில் இருப்பதைவிடச் சபையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதே அதிகம். புதிது புதிதாக அதிசயம் ஏதாவது காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு.

மந்திரி திருமேனியார் கணிதத்தில் பெரிய ஆள். அவர் நிதானமாக விளக்குவதைக் கேட்க ராஜாவுக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஆஸ்தானப் பேச்சாளர் சொக்கேசர் அதையெல்லாம் கேட்டு வந்து, சபைக்குச் சுவையாகச் சொல்லுவார். மந்திரிக்கு இருந்த மரியாதை சொக்கேசருக்குக் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அண்டை நாட்டில் நெல் வாங்கிவர வண்டிகள் கட்டி நின்றன. அந்தச் சமயத்தில்தான் திருமேனியார் ஒரு கணக்கை விளக்கினார். ஒரு பொருளில் பாதியை எடுக்க வேண்டும், மிச்சத்தில் பாதியை எடுக்க வேண்டும், இப்படியே எடுத்துக்கொண்டு போனால் மிச்சம் ஒருநாளும் தீராது. ஆனால் எடுத்ததை எல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு பொருளைத் தாண்டாது.

சொக்கேசர் முதல் பாதியை மட்டும் சபைக்குக் கொண்டுபோனார். தினமும் மிச்சத்தில் பாதியை அளந்து கொடுத்தால் நம் களஞ்சியம் உலகம் உள்ளவரை தீராது, இது மந்திரியே நிரூபித்த கணிதம் என்றார். ராஜா துள்ளிக் குதிக்காத குறை. வண்டிகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டான்.

திருமேனியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராஜாவிடம் ஓடினார். பேச்சைத் தொடங்குமுன்பே, “உங்கள் கணக்கைத்தானே சொன்னார், நீங்களே மறுக்கிறீர்களா?” என்று ராஜா கேட்டுவிட்டு வேறு பக்கம் நடந்துவிட்டான். முதல் நாள் ஜனங்களுக்கு மூட்டை மூட்டையாக நெல் கிடைத்தது. பிறகு மரக்கால், பிறகு படி என்று குறைந்துகொண்டே வந்தது. களஞ்சிய வாசலில் குழந்தைகள் அழுவது மந்திரியின் வீடு வரை கேட்டது.

அதைக் கேட்ட மறுநாள் காலையில் அவர் சபையில் ஒரே ஒரு வரம் கேட்டார். இவ்வளவு பெரிய கணிதத்துக்கு மரியாதையாக, ராஜாவும் சொக்கேசரும் அன்று முழுவதும் ஒரே பானைச் சோற்றை அதே முறையில் சாப்பிட வேண்டும். தீராத சோறு என்றதும் ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

முதலில் இருவருக்கும் வயிறு நிறைய விழுந்தது. அடுத்த தடவை அதில் பாதி. மதியத்தில் ஆளுக்கு ஒரு பிடி. பொழுது சாயும்போது சமையல்காரர் ஒற்றைப் பருக்கையைக் கத்தியால் இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். ராஜா பசியோடு பானையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சொக்கேசர் தலை நிமிரவில்லை.

“இன்னும் தீரவில்லை, மகாராஜா,” என்றார் திருமேனியார்.

“தீரவில்லை. ஆனால் பசிக்கிறதே.”

“காலையிலிருந்து நீங்கள் இருவரும் சாப்பிட்டதும் மிச்சமும் சேர்ந்து ஒரு பானைதான். நூறு வருஷம் பங்கிட்டாலும் ஒரு பானைதான். கணக்கின் மறுபாதி அது.”

ராஜா நடப்பதை நிறுத்தினான். அந்த வருஷம் முழுவதும் அவன் அப்படி அசையாமல் நின்று யாரும் பார்த்ததில்லை.

“முடிவில்லாமல் எடுக்கலாம், எடுத்ததெல்லாம் ஒன்றுக்குள் அடங்கும்,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். “முழுசாகச் சொல்லியிருந்தால் இன்னும் அல்லவா வியந்திருப்பேன். ஏன் ஐயா பாதியை விழுங்கினீர்?”

சபை ரசிக்காது என்று நினைத்தேன் என்றார் சொக்கேசர்.

உடனே வண்டிகளைப் பூட்டச் சொன்னான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தான். அண்டை ராஜாவிடம் போய் நெல் கேட்கும் வேலை சொக்கேசருக்கு விழுந்தது.

வண்டிகள் திரும்பும் வரை திருமேனியார் கோட்டை மதிலை விட்டு இறங்கவில்லை. நெல் வந்தது. அண்டை நாட்டுச் சபையில் சொக்கேசர் என்ன பேசினார் என்று வண்டிக்காரர்களிடம் ராஜா ஆவலாக விசாரித்தான். ரொம்பச் சின்னப் பேச்சுதான் என்றார்கள். “எங்கள் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். தவறு என்னுடையது. நெல் கொடுங்கள்.”